சிறுத்தை நடமாடும் தோட்டத்தில் குடியிருக்க: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு நாய் மணியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது ஒரு கார்த்திகை மாத இரவில். விடிந்ததும் குசினிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சங்கிலி கிடந்தது, அதன் நுனியில் அறுந்த கழுத்துப்பட்டி. சாம்பல் கொட்டுகிற இடத்தில் அது சுருண்டு படுக்கும் பள்ளம் அப்படியே இருந்தது. கானோரத்தில் இரண்டு துளி இரத்தம், வேறொன்றும் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா மட்டும், சங்கிலி ஒருதரம் வெடுக்கென்று இழுபட்டது கேட்டது என்றார்.

அந்த வாரமே எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சுருக்குக் கம்பி வைக்கும் பேச்சு எழுந்தது. நான் வேண்டாம் என்று நின்றேன். காட்டுத்தொங்கலுக்கு இருபது யார் தள்ளி, ஓடவும் வழியில்லாமல், மணியைச் சங்கிலியில் கட்டி வைத்தது என் கைதான். அதை யோசித்த பிறகு எனக்குச் சிறுத்தை மேல் கோபம் நிலைக்கவில்லை. வனஜீவராசிகள் அலுவலர்களிடம் கேட்டேன், கால்நடை வைத்தியரிடம் கேட்டேன், முப்பது வருடம் மலையில் ஆள் பார்த்த ஓய்வுபெற்ற கங்காணி மாமாவிடம் நாள் கணக்கில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொன்றாக மாற்றினோம்.

நான் புரிந்துகொண்டது இதுதான்: சிறுத்தை நம்மைத் தேடி லயத்துக்கு வருவதில்லை. அது நாய்க்கும் ஆட்டுக்கும் வருகிறது. தெருநாயும் காட்டுப்பன்றியும் நம் குப்பைக்கு வருகின்றன. மனிதருக்குக் காயம் படுவது பெரும்பாலும் இருவரும் எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும் இடத்தில், இல்லாவிட்டால் கம்பியில் மாட்டிய சிறுத்தையைச் சுற்றிக் கூட்டம் சேரும் இடத்தில். இவை எல்லாம் பெருமளவு நம் கையில் இருப்பவை. எதை முதலில் செய்ய வேண்டுமோ அதை முதலில் வைத்து எழுதுகிறேன்.

1. வந்தது எது என்று முதலில் பாருங்கள்

தோட்டத்தில் எல்லோரும் 'புலி' என்றுதான் சொல்வோம். ஆனால் இலங்கையில் வரிப்புலி கிடையாது. சிங்கமும் இல்லை. இங்கே உச்சியில் இருக்கும் ஒரே பெரிய வேட்டை விலங்கு சிறுத்தை. அதுவும் இந்தத் தீவுக்கே உரிய துணையினம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2020இல் செய்த மதிப்பீட்டில் இதை அழிவு அபாயம் உள்ள விலங்குகளில் வைத்திருக்கிறது. நாடு முழுவதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்தைத் தொடாது என்பதே கணிப்பு.

நம் பக்கத்தில் சிவனொளிபாதமலை வனம், அந்தப்பக்கம் ஹோர்டன் சமவெளி. நடுவில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, லிந்துலை என்று தேயிலை மலைகள். மலை உச்சிகளில் விட்டுவைத்த காட்டுத்துண்டு, ஆற்றோரம், டர்பன்டைன் தோப்பு, கைவிட்ட மலையில் ஆளுயரம் வளர்ந்த மானாப்புல், இவை வழியாகத்தான் சிறுத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. நாம் குடியிருப்பது அதன் பாதை மேல். நோர்வூட் பக்கம் டன்கெல்ட் தோட்டத்தில் அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரின் ஆய்வுக் குழு தானியங்கிக் கெமரா வைத்துச் சிறுத்தைகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறது. கைரேகை மாதிரி, ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது.

காலையில் கோழி காணவில்லை என்றால் உடனே புலி என்று கத்த வேண்டாம். கோழி பிடிப்பது பெரும்பாலும் கீரி அல்லது மரநாய். ஈர மண்ணில் தடம் பாருங்கள். சிறுத்தையின் தடம் வட்டமாக, ஏறக்குறைய ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு இருக்கும். நாலு விரல் பதிந்திருக்கும், நகம் பதியாது. நாயின் தடம் நீளவாக்கில் இருக்கும், விரல் நுனியில் நகக்குத்து தெரியும். கானில் மண் இறங்கித் தேங்குகிற மூலையில்தான் தடம் தெளிவாக விழும், அங்கே போய்த் தேடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, கொடுப்புலி. மீன்பிடிப் பூனை என்றும் சொல்வார்கள். ஆற்றோரத்தில் திரியும். நாட்டுப்பூனையைவிட நன்றாகப் பெரிது, சாம்பல் நிறம், உடம்பில் கரும்புள்ளி, வால் கட்டை. சிறுத்தையின் வால் நன்றாக நீளும். புலிக்குட்டி என்று நினைத்து இதை அடித்துக் கொன்ற இடங்கள் உண்டு. ஒரு பாவமும் அறியாத பிராணி. வாலைப் பாருங்கள், அது போதும்.

சத்தமும் தெரிந்திருக்கட்டும். சிறுத்தை கூப்பிடுவது உறுமல் மாதிரி இருக்காது. பழைய வாளால் மரம் அறுப்பதுபோல் வரட் வரட் என்று விட்டுவிட்டு வரும். மந்திகள் திடீரென்று மரத்துக்கு மரம் கத்திக்கொண்டு கீழே ஒரே இடத்தைப் பார்த்தால், கேளையாடு நிறுத்தாமல் குரைத்தால், அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அன்று அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

2. நாயை இரவில் உள்ளே எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாய் சிறுத்தைக்கு எளிதான இரை. கட்டிப்போட்ட நாய் அதைவிட எளிது. ஓட முடியாது, ஒளிய முடியாது, பயத்தில் குரைத்துத் தான் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒரு தடவை சாப்பாடு கிடைத்த வாசலுக்கு எந்த விலங்கும் திரும்ப வரும்.

காம்பராவில் இடம் இல்லையே என்பீர்கள். எனக்கும் அதே கதைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். ஆனால் குசினி மூலையில் ஒரு சாக்கு விரிக்க இடம் கிடைத்தது. இப்போதுள்ள நாய் குட்டியிலிருந்தே மாலை ஆறரைக்கு உள்ளே வந்து பழகிவிட்டது. அந்த நேரத்தில்தான் அதற்குச் சோறு, அதனால் கூப்பிடவே வேண்டியதில்லை. உள்ளே வைக்க வழியே இல்லை என்றால் சுவரோடு ஒட்டிக் கெட்டியான கூடு செய்யுங்கள். நாலு பக்கமும் மேலேயும் மூடியிருக்க வேண்டும். வெறும் பலகை மறைப்பு போதாது.

ஆளில்லாத நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லயத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தெருநாய் அலைந்தால் அது சிறுத்தைக்குத் தினமும் திறந்திருக்கும் கடை. குட்டி போடாமல் இருக்கக் கருத்தடை செய்வதும், விசர் நோய்த் தடுப்பூசி போடுவதும் ஊரே சேர்ந்து கேட்டு வாங்க வேண்டியவை. தடுப்பூசி இலவசம். உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தோட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஆள் போய்க் கேட்பதைவிட, நாய் வளர்க்கும் வீடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமாகக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

3. கொட்டிலைச் சீர் செய்யுங்கள்

ஆடு போனால் அது வெறும் ஆடு இல்லை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் இடம். கொட்டில் காட்டோரத்தில் இருந்தால் அதை எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் பாதி வேலைதான். வீட்டுச் சுவரோடு ஒட்டி, நம் பேச்சுச் சத்தமும் வெளிச்சமும் படுகிற பக்கத்துக்கு மாற்றுங்கள். நாற்றம் வரும் என்று தூரத்தில் கட்டுகிறோம், அந்தத் தூரம்தான் சிறுத்தைக்கு வசதி.

அடுத்தது கூரை. நம் ஆட்கள் சுவரைக் கெட்டியாகக் கட்டிவிட்டுக் கூரையில் இரண்டு தகரத்தைப் போட்டு மேலே கல் வைப்பார்கள். சிறுத்தை நன்றாக மரம் ஏறும், ஐந்தாறு அடிச் சுவர் அதற்கு ஒரு தாவல். தகரத்தை நகத்தால் நெம்பி இறங்கிவிடும். தகரத்துக்குக் கீழே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் கம்பு கொடுத்து, தகரத்தை அதில் ஆணியால் அடியுங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்கு விடும் இடைவெளியை மூடிவிடாதீர்கள், ஆட்டுக்கு மூச்சு முட்டி நோய் வரும். அந்தச் சந்துக்குக் கெட்டிக் கம்பி வலை அடியுங்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் மெல்லிய வலை ஒரு நிமிடம் தாங்காது. ஒட்டு வைத்த தடித்த கம்பி வலையாக, கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாததாக வாங்குங்கள். பலகை இடைவெளியும் அந்தளவுதான் இருக்க வேண்டும். முன்னங்கால் நுழைந்தால் ஆட்டை இழுத்துவிடும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும், அப்போதுதான் வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தில் முட்டி நிற்கும். கொண்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. கயிறு கட்டிச் சாத்துவது சாத்துவதே இல்லை. தரையை உயர்த்தி ரீப்பர் அடித்த கொட்டிலானால் அடிப்பக்கத்தையும் சுற்றி அடைத்துவிடுங்கள்.

நாங்கள் மாற்றிக் கட்டியபோது இரண்டு பேர் ஒரு ஞாயிறு முழுக்க வேலை செய்தோம். வலையும் கொண்டியும்தான் காசு கொடுத்து வாங்கியது, மற்றதெல்லாம் இருந்த பலகை. முடிந்ததும் மாமா வந்து, ஆள் பாரத்தைக் கதவில் சாய்த்துத் தோளால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். கீழ்ப்பக்கம் அரை அங்குலம் விலகியது. "இது போதும் அதுக்கு, இன்னொரு கொண்டி போடுங்க" என்றார். இரண்டாவது கொண்டி வந்தது அப்படித்தான்.

மாடு பெரிது, வளர்ந்த மாட்டைச் சிறுத்தை எளிதில் தொடாது. கன்றுக்குட்டிதான் ஆபத்து. கன்று போட்ட முதல் சில மாதம் தாயையும் கன்றையும் மூடிய கொட்டிலில் வையுங்கள். பகலில் மேயவிட்ட ஆடுகள் பொழுது சாயும் முன் எண்ணி உள்ளே போக வேண்டும். கடைசி ஆட்டைத் தேடி இருட்டில் மானாப்புல்லுக்குள் இறங்காதீர்கள்.

4. குப்பை, புதர், வெளிச்சம்

சோற்றுக் குப்பையும் கோழிக் குடலும் கானில் கொட்டினால் தெருநாயும் பன்றியும் சேரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். மூடிய குழியில் போடுங்கள். செத்த ஆடு மாட்டைக் காட்டோரத்தில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.

லயத்தைச் சுற்றியும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும், சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைச் சுற்றியும் இடுப்பளவுக்கு மேல் புதர் இருக்கக் கூடாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளுக்குக் குடிபோனவர்கள் கவனியுங்கள். லயத்தில் எல்லோரும் நெருங்கி இருந்தோம், அங்கே வீட்டுக்கு வீடு இடைவெளி உண்டு, நடுவில் வளரும் புல்லுக்கு யாரும் பொறுப்பில்லை. அந்தப் புல்லை யார் வெட்டுவது என்று முதல் மாதமே பேசி முடிவு செய்யுங்கள்.

வெளிச்சம் உதவும், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்குச் சிறுத்தை பழகிவிடும். ஆள் அசைந்தால் பற்றுகிற சூரியசக்தி விளக்கு கொஞ்சம் நல்லது. அதைக் கொட்டில் பக்கமும் கக்கூசு பாதையிலும் வையுங்கள்.

5. மலையில் கொழுந்து பறிக்கும்போது

மலையகத்தில் சிறுத்தையால் காயப்பட்டவர்கள் என்று செய்தி வந்தால் அதில் அடிக்கடி இருப்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். காரணம் இருக்கிறது. பகலில் சிறுத்தை தேயிலைச் செடிக்கு அடியில் நிழலில் படுத்திருக்கும். மேலே பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி, கீழே ஒரு ஆள் தவழும் அளவுக்கு வெற்றிடம். நாம் குனிந்த தலையோடு, கையையும் கண்ணையும் கொழுந்தில் வைத்து, நிரை நிரையாக அதை நோக்கி நகர்கிறோம். அது கடைசி நிமிடம் வரை அசையாமல் பதுங்கிப் பார்க்கும். தப்ப வழி இல்லை என்று தோன்றினால் பாய்ந்து அடித்துவிட்டு ஓடும். குட்டி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் பாயும்.

அதனால் நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மலைக்குள் இறங்கும் முன் நிரை முனையில் நின்று ஐந்து நிமிடம் சத்தம் கொடுங்கள். தகரம் தட்டலாம், கம்பால் செடியைத் தட்டலாம், கூப்பிட்டுப் பேசலாம். காட்டுத்தொங்கல் பக்கம் தொடங்கிக் கீழ் நோக்கி வராதீர்கள். திறந்த பக்கத்தில், ரோட்டுப் பக்கத்தில் தொடங்கி மேல் நோக்கிப் போனால் அதற்குக் காட்டுக்குள் போக வழி இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை. கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஆள் இறங்காத மலையில் கூடுதல் கவனம் வேண்டும். கொழுந்து சுற்றுத் தள்ளிப்போன மலை, கவ்வாத்து வெட்டி நாலைந்து வருடமாகி உயர்ந்துவிட்ட மலை, புல் மண்டிய மலை, இங்கெல்லாம் தாய்ச் சிறுத்தை குட்டிகளை விட்டுவைக்கக்கூடும். அங்கே ஒருவர் தனியாக முதல் நிரையில் போகக் கூடாது. புல் வெட்டித் துப்புரவு செய்யாத மலையில் இறங்கச் சொன்னால், துப்புரவு செய்து தரும்படி கேட்பது உங்கள் உரிமை. கேட்டதை எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஒதுங்கப் போகும்போதும் இரண்டு பேராகப் போங்கள். உட்கார்ந்திருக்கும் ஆள் சிறுத்தையின் கண்ணுக்கு ஆளாகத் தெரிவதில்லை, ஒரு சிறிய விலங்கின் உயரம்தான் தெரியும். மலைகளில் கழிவறை கேட்க இதுவும் ஒரு காரணம்.

6. பிள்ளைகளும் இரவு நடையும்

சின்னப் பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகு வாசலுக்கு வெளியே தனியாக இருக்கக் கூடாது. விடிகாலையில் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போகிற பிள்ளைகள் சேர்ந்து போகட்டும், முன்னால் ஒரு பெரிய ஆள், பின்னால் ஒரு பெரிய ஆள். இருட்டில் நடந்தால் கையில் டோர்ச், வாயில் பேச்சு. கைப்பேசியில் பாட்டு வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு போவதுதான் மிக மோசம், நீங்களும் கேட்க மாட்டீர்கள், நீங்கள் வருவதும் அதற்குத் தெரியாது.

இதைக் கங்காணி மாமா எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன விதம்: "பேசிக்கிட்டே போங்க புள்ளைகளா. அது உங்கள முன்னாடியே பாத்துரும். நீங்க வர்றது தெரிஞ்சா வழி விட்டுரும்."

7. நேருக்கு நேர் பார்த்துவிட்டால்

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். நின்றுகொண்டு, முகத்தை அதன் பக்கம் வைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வையுங்கள். பின்னங்கால் கல்லில் இடறி விழாமல் பாதத்தால் தடவித் தடவிப் போங்கள். குனியாதீர்கள், உட்காராதீர்கள். பிள்ளை கூட இருந்தால் குனியாமல் தூக்கி இடுப்பில் வையுங்கள். குடை இருந்தால் விரியுங்கள், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடியுங்கள், கூடையை முன்னால் பிடியுங்கள். உயரமாகவும் அகலமாகவும் தெரிய வேண்டும். உரத்த குரலில் பேசுங்கள். வீறிட்டுக் கத்த வேண்டாம். கல் எறியவும் வேண்டாம், அதன் வழியை மறிக்கவும் வேண்டாம்.

அது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த நேரம் நீண்டதாகத் தோன்றும். பெரும்பாலும் அதுவே எழுந்து போய்விடும்.

பாய்ந்துவிட்டால் கழுத்தையும் தொண்டையையும் கையால் மூடிக் காப்பாற்றுங்கள், கையில் இருப்பதால் முகத்திலும் மூக்கிலும் அடியுங்கள், கூட இருப்பவர்கள் ஒன்றாகச் சத்தம் போட்டு நெருங்குங்கள்.

8. கம்பி வைக்காதீர்கள், வைக்க விடாதீர்கள்

இதை எழுத மனம் கனக்கிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில், மரக்கறிப் பாத்தி ஓரம் வைத்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் மிக அரிதாகவே காணும் விலங்கு. அதற்கு முந்திய வருடம்தான் அந்தப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை உயிரோடு கெமராவில் பதிவாகியிருந்தது. கம்பியில் மாட்டியதை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்துவிட்டது.

கம்பி வைப்பவர் சிறுத்தைக்கு வைப்பதில்லை. பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்றோ, இறைச்சிக்கு என்றோ மோட்டார் சைக்கிள் கேபிளை வளையமாகக் கட்டி வைக்கிறார். பன்றி போகும் பாதைதான் சிறுத்தையும் போகும் பாதை. வளையம் இடுப்பில் விழும். இழுக்க இழுக்க இறுகும். வெளியே தோல் மட்டும் அறுந்த மாதிரி தெரியும், உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். அதனால்தான் உயிரோடு மீட்டாலும் பல சிறுத்தைகள் பிழைப்பதில்லை. இந்த நாட்டில் மனிதர் கையால் சாகும் சிறுத்தைகளில் கம்பிக்குப் பலியாவதே மிக அதிகம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சிறுத்தையைக் கொல்வதும், கம்பி வைப்பதும் அதன்படி குற்றம்.

பாத்திக்குப் பன்றி வருவது உண்மையான தொல்லை, அதை நான் மறுக்கவில்லை. வேலிக் கம்பை நெருக்கி நட்டு, அடிப்பக்கம் தகரத்தை மண்ணுக்குள் அரை அடி இறக்கி அடைத்தால் பன்றி நெம்ப முடியாது. நாலைந்து வீட்டுப் பாத்திகளை ஒரே வேலிக்குள் கொண்டுவந்தால் செலவு பங்காகும். எங்கள் லயத்தில் அப்படித்தான் செய்தோம்.

மலையில் வெறும் கம்பி கண்டால் இடத்தை அடையாளம் வைத்துக் கங்காணிக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். சிறுத்தை மாட்டியிருப்பதைக் கண்டால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

உடனே 1992க்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலை இலக்கம், வாகனம் வரும் பாதை நான்கையும் சொல்லுங்கள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும், 119இல் பொலிசுக்கும். மயக்க ஊசி போடும் கால்நடை வைத்தியர் ரந்தெனிகலை மாதிரித் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும், மணிக்கணக்கில் ஆகும். அந்த மணி நேரங்கள்தான் முக்கியம். குறைந்தது நூறு யார் தள்ளி எல்லோரையும் நிறுத்துங்கள். கூட்டம் கத்தக் கத்த அது திமிறும், திமிறத் திமிறக் கம்பி உள்ளே போகும். திமிறலில் கம்பி அறுந்தால் முதலில் அடிபடுவது கிட்ட நின்று படம் எடுப்பவர்தான். நாய்களைக் கட்டுங்கள். கம்பியை வெட்டிவிடப் போகாதீர்கள், எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும்.

இரண்டு பெரியவர்களைப் பாதையின் இரண்டு முனையில் நிறுத்தினால் கூட்டத்தில் பாதி குறையும். இதை முன்கூட்டியே பேசி, யார் நிற்பது என்று முடிவு செய்து வைத்திருங்கள்.

9. வீட்டுக்குள் வந்தால், குட்டியைக் கண்டால்

நாயைத் துரத்திக்கொண்டு சிறுத்தை காம்பராவுக்குள்ளேயோ களஞ்சிய அறைக்குள்ளேயோ புகுந்துவிடுவது எப்போதாவது நடக்கிறது. ஆட்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்துங்கள், பக்கத்துக் காம்பரா ஆட்களையும் வெளியே எடுங்கள், 1992க்குச் சொல்லுங்கள். ஜன்னல் வழியாகக் குத்துவதும் எட்டிப் பார்ப்பதும் கூடாது.

கொழுந்து பறிக்கையில் குட்டிகள் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். தாய் விட்டுவிட்டுப் போகவில்லை, இரை தேடப் போயிருக்கிறது, பக்கத்திலேயேகூட இருக்கலாம். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பி, அந்த மலையைச் சில நாள் விட்டுவைக்கக் கேளுங்கள். தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் மாறிவிடும். தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தால் தாய் இரவில் தேடி வரும்.

10. காயம் பட்டால்

கீறல் சின்னதாக இருந்தாலும் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மஞ்சளும் கோப்பித்தூளும் அப்ப வேண்டாம். பூனை இனத்தின் பல்லும் நகமும் ஆழமாகக் குத்தும், மேலே ஆறியது மாதிரி இருந்து உள்ளே சீழ் வைக்கும். ஏற்பு ஊசியும் விசர் நோய் ஊசியும் பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதன் பிறகு பொலிஸ் முறைப்பாடு, வைத்திய அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தில் நட்டஈடு கேட்க அவை வேண்டும்.

11. 'பிடித்துக்கொண்டு போங்கள்' என்று கேட்கும் முன்

நாய் போன மறுநாள் எல்லோரும் கேட்பது கூண்டு வைத்துப் பிடித்துத் தூரக் காட்டில் விடச் சொல்லித்தான். நானும் கேட்டவன். அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒரு சிறுத்தையை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்காது, இன்னொன்று வரும். வருவது பெரும்பாலும் இடம் தேடி அலையும் இளம் சிறுத்தை, பாதை தெரியாதது, நம் நடமாட்டம் பழகாதது. எடுத்துப் போய் விட்ட சிறுத்தையும் புதுக் காட்டில் சும்மா இருக்காது, அங்கே இருப்பதோடு சண்டை, இல்லாவிட்டால் திரும்பி நடை. இந்தியாவில் மகாராஷ்டிராவின் ஜுன்னார் பகுதியில் இப்படிப் பிடித்து வேறிடம் விட்டபோது மனிதர் மீதான தாக்குதல் கூடியதை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் பதிவு செய்திருக்கிறார்கள். இருக்கிற சிறுத்தைக்கு நம் நேரமும் பாதையும் தெரியும். அதனிடமிருந்து நாயையும் ஆட்டையும் மறைத்தால் போதும். காயப்பட்டு வேட்டையாட முடியாமல் லயத்தையே சுற்றுகிற சிறுத்தை என்றால் கதை வேறு. அதை உடனே திணைக்களத்துக்குச் சொல்லத்தான் வேண்டும்.

12. கடைசியாக, கதவுக்குப் பின்னால் ஒரு தாள்

1992, 1990, 119, தோட்ட அலுவலகம், கிராம உத்தியோகத்தர். இந்த ஐந்து எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பிள்ளைக் காம்பராவிலும் கோயில் மண்டபத்திலும் ஒன்று ஒட்டுங்கள். சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் யார் பேசுவது என்று ஒரு பெயரும் அதில் இருக்கட்டும். கைப்பேசிக்குச் சிக்னல் எடுக்கும் இடத்தையும் குறியுங்கள். எங்கள் லயத்தில் அது பீலிக்கு மேலே, பெரிய டர்பன்டைன் மரத்தடியில். இரவில் அங்கே போவதானால் இரண்டு பேராக, டோர்ச்சோடு.